கூட்டலைத் திருப்பினா நிக்கவே மாட்டேங்குது: ப்ரூஃப் அசிஸ்டன்ட் கேள்வி பதில்

ப்ரூஃப் அசிஸ்டன்ட்னா கணக்கு நிறுவல படிப்படியா சரிபார்க்கிற ப்ரோகிராம், கொக் (இப்ப பேர் ரொக்), லீன், இசபெல் எல்லாம் அந்த வகை. இந்தத் தடவை வந்த கேள்வி முக்காவாசி கூட்டல் குறியப் பத்தித்தான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி: சேர், கொக்ல ரிப்பீட் போட்டு ஆட்_கொம்ம ரீரைட் பண்ணினா முடியவே மாட்டேங்குது, ஏன்?

தம்பி, ரீரைட்னா ஒரு விதிப்படி மாத்தி எழுதுறது. ஆட்_கொம்னா அ + ஆ வ ஆ + அ ன்னு மாத்துற விதி, ரிப்பீட் போட்டா அது மாத்தினதையும் திரும்பப் பிடிச்சு மாத்தும், ரெண்டு பக்கமும் ஒரே உருவம் தானே. லீன், இசபெல் ரெண்டுலயும் உள்ள சிம்ப்ங்கிற சுருக்குற கட்டளை இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு: உறுப்புகளுக்கு ஒரு நிலையான வரிசை இருக்கும், அந்த வரிசைப்படி சின்னதா ஆனா மட்டும் தான் திருப்பும், அதனால நின்னுரும். ஒரு இடத்துல மட்டும் திருப்பணும்னா எந்த ரெண்டுன்னு பேர் சொல்லியே ரீரைட் பண்ணுங்க.

பண்டாரவளை தங்கச்சி: சிம்புக்கு கொம் (இடம் மாத்துற விதி), அசோக் (அடைப்ப மாத்துற விதி) ரெண்டும் குடுத்தேன், அப்பவும் ஆ + (அ + இ), அ + (ஆ + இ) ன்னு மாறல.

மூணாவது ஒண்ணு வேணும்மா, லெஃப்ட்_கொம். அடைப்ப எல்லாம் வலப்பக்கம் தள்ளின பிறகு ஆவும் அவும் ஒரே கூட்டல் குறிக்கு ரெண்டு பக்கமும் இல்ல, கொம்மால ஆவ அந்த முழு அடைப்போட தான் மாத்த ஏலும், அப்படி மாத்தினா பெரிசு முன்னுக்கு வந்துரும்னு வரிசை விடாது. லெஃப்ட்_கொம் தான் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்ட இடம் மாத்துது. தராசுக்கு முன்னால கொழுந்து சாக்க லைனா வச்சிட்டு பக்கத்து சாக்கோட மட்டும் மாத்தி மாத்தி வரிசைப்படுத்துற மாதிரி நினைச்சுக்கோங்க. நாலு உறுப்புன்னா 24 வரிசை, ஒவ்வொண்ணுக்கும் 5 விதமா அடைப்புப் போடலாம், மொத்தம் 120 உருவம், அத்தனையும் இந்த மூணு விதியால ஒரே உருவத்துக்கு வந்துரும். எனக்கு இது எப்ப சொன்னாலும் சந்தோஷம் தான். லெஃப்ட்_கொம்ம மத்த ரெண்டையும் வச்சே நிறுவலாம், கையால ஒருக்கா செஞ்சு பாருங்க. இசபெல்ல ஏசி_சிம்ப்ஸ்னு போட்டா மூணும் சேர்ந்தே வரும், ஏசின்னா அசோக், கொம் ரெண்டும் சேர்ந்த சுருக்கம்.

லிஸ்ட் ஒட்டுறதுக்கும் இதையே போடலாமா?

கூடாது. அடைப்ப எங்கயும் போடலாம், ஆனா இடம் மாத்த ஏலாது. ஃபேக்டரில கொழுந்த வாட்டி, ரோல் பண்ணி, பிறகு தான் காய வைக்கிறாங்க, அத மாத்தினா தேயிலை வராது. தசமக் கணக்கு, அதான் ஃப்ளோட், அதுக்கு நேர்மாறு: இடம் மாத்தலாம், அடைப்ப மாத்த ஏலாது. 0.1 + 0.2 முதல்ல கூட்டி 0.3 சேர்த்தா 0.6000000000000001, 0.2 + 0.3 முதல்ல கூட்டினா 0.6. காலை, பகல், பின்னேர நிறுவைய ஃப்ளோட்ல போட்டு ப்ரோகிராம் எழுதுற பிள்ளைங்க இதக் கட்டாயம் கவனிங்க, ஆளுங்க சம்பளம் அதுல தான் இருக்கு.

ஏசி_ஆர்எஃப்எல் போதுமா, ரிங் வேணுமா?

ரெண்டுமே லீன்ல ரெண்டு பக்கமும் சமம்னு தானா நிறுவுற கட்டளை. ஒரே ஒரு குறின்னா முதலாவது. கூட்டலும் பெருக்கலும் கலந்து விரிக்கணும்னா ரிங்.

பேராதனையில படிக்கிறவர்: இந்த ஏசி விதிகள கருவிக்குள்ளயே வச்சிட்டா என்ன?

வச்சிருக்காங்க. மோட்ங்கிற ரீரைட் மொழில குறிய அறிவிக்கிறப்பவே சொல்லிரலாம், கொக்குக்கு 2011ல ப்ரெய்பான், பூஸ் ரெண்டு பேரும் ஒரு ப்ளக்இன் செஞ்சாங்க. 1933ல இருந்து கிடந்த ராபின்ஸ் கேள்விங்கிற இயற்கணிதப் புதிர 1996ல மெக்யூன் எழுதின ஈக்யூபி ப்ரோகிராம் தீர்த்ததும் இப்படி உள்ளுக்குள்ள வச்ச ஏசி பொருத்தத்தால, அதாவது இடமும் அடைப்பும் மாறினாலும் உருவத்தப் பிடிக்கிற வழியால தான். ஆனா அந்தப் பொருத்தம் என்பி-முழுமைக் கணக்கு, உறுப்பு கூடக்கூட நேரம் பயங்கரமா ஏறும். ரெண்டு பக்கமும் சமமான்னு பாக்க மட்டும்னா வரிசைப்படுத்தினாலே போதும், ஒரு பெரிய கூட்டலுக்கு நடுவுல ஒரு துண்ட தேடிப் பிடிச்சு மாத்தணும்னா மட்டும் அந்தப் பக்கம் போங்க.