ஈட்டர்னா (ஆர்.என்.ஏ. வரிசைகளை வடிவமைக்கும் இணைய விளையாட்டு) போலிமுடிச்சுப் புதிரில் முதல் தண்டு (எழுத்துகள் ஜோடி சேரும் பகுதி) மடிகிறது, இரண்டாவது மடியவே இல்லை. எங்கே தப்பு?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், காசிமேட்டிலிருந்தே தொடங்கலாம். வலைக்கயிற்று முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். ஆர்.என்.ஏ.வின் இந்த முடிச்சில் இரு முனையையும் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். அதனால்தான் பெயரே போலிமுடிச்சு.

முதலில் மடிப்பைக் கணிக்கும் இன்ஜினைப் பாருங்கள். வியன்னா என்ற இன்ஜின் போலிமுடிச்சைக் கணக்கிலேயே எடுக்காது. அதில் எவ்வளவு மாற்றினாலும் ஒரே தண்டு கொண்ட கொண்டை ஊசி வடிவம்தான் வரும்.

30 எழுத்துக்கு (ஏ, யூ, ஜி, சி) ஒரு வடிவம். வட்ட அடைப்பு முதல் தண்டு, சதுர அடைப்பு இரண்டாவது, புள்ளிகள் ஜோடி சேராத கண்ணிகள்:

(((((..[[[[[[)))))......]]]]]]

சதுர அடைப்பு திறந்த பிறகே வட்டம் மூடுகிறது. அந்தக் குறுக்கீடுதான் விஷயமே.

பெரும்பாலும் நடக்கும் தப்பு, இரண்டு தண்டுக்கும் ஒரே எழுத்துகளைப் போடுவது. முதல் தண்டின் முதல் இழை, இரண்டாவதன் கடைசி இழையோடு ஜோடி சேர்ந்துகொள்ளும், முடிச்சு போச்சு. முதல் தண்டு ஜிசிஜிஏசி, அதன் ஜோடி ஜியூசிஜிசி என்றால், இரண்டாவதற்கு சியூசியூஜிஜி, சிசிஏஜிஏஜி என்று முற்றிலும் வேறாக வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட சம பலம். ஒன்றை முழுக்க வலுவான ஜிசி ஜோடிகளாக்கி மற்றதை பலவீனமான ஏயூ-விடம் விட்டால், கண்ணியை வளைக்கும் ஆற்றல் செலவை ஈடுகட்ட அந்த நோஞ்சான் தண்டால் முடியாது. நாலு ஜி தொடர்ந்தும் வேண்டாம், ஜோடி ஒரு எழுத்து நழுவி உட்காரும்.

கண்ணி நீளம் தனிக் கதை. தண்டு முறுக்கிக்கொள்ளும்போது அதில் ஆழமான பள்ளம் ஒன்றும் ஆழமில்லாத பள்ளம் ஒன்றும் உண்டாகும். முதல் கண்ணி இரண்டாம் தண்டின் ஆழமான பள்ளத்தைத் தாண்டுகிறது. 6 ஜோடிக்கு ஏஏ போதும். கடைசிக் கண்ணி முதல் தண்டின் ஆழமில்லாத பள்ளத்தை ஒட்டிப் போக வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் சுற்றிப் போகிற கதைதான், தூரம் அதிகம். 5 ஜோடிக்கு 6 எழுத்து கொடுங்கள்: ஏஏசிஏஏஏ. இரண்டே எழுத்து வைத்தால் எட்டாமல் தண்டின் ஓர ஜோடி பிய்யும். யூ-வால் நிரப்பாதீர்கள், அது ஏ, ஜி இரண்டோடும் ஒட்டும்.

வரிசையை நிஜமாகச் செய்து சோதிக்கும் ஆய்வகச் சுற்றுக்கு அனுப்புவதானால் கடைசி 20 எழுத்து வாலையும் பாருங்கள். அதில் ஏஏசி திரும்பத் திரும்ப வருவதால், உங்கள் வரிசையில் யூயூஜியூயூஜி இருந்தால் வாலைப் பிடித்துக்கொள்ளும்.

முடிவு வந்ததும் இரண்டாம் தண்டின் இரு இழையும் அடங்கியிருக்கிறதா (சோதனை வேதிப்பொருளோடு வினைபுரியாமல் இருக்கிறதா) என்று பாருங்கள். கடைசிக் கண்ணியின் ஏ-க்கள் சிலவும் அடங்கித் தெரிந்தால் பதற வேண்டாம். அவை பள்ளத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கலாம்.