காலி நாற்காலி

அன்புள்ள ஐயா,

2011-ல் லிபியாவில் குண்டு போட்டது தவறு என்று எழுதினீர்கள். 1994-ல் ருவாண்டாவுக்கு யாரும் போகாததும் தவறு என்கிறீர்கள். ஓர் அரசு சொந்த மக்களையே கொல்லும்போது வெளிநாட்டுப் படை உள்ளே போகலாமா, கூடாதா? சட்டம் கூடாது என்று சொன்னால் அந்தச் சட்டம் யாருக்காக?

க., ஓசூர்

அன்புள்ள க.,

முதலில் சட்டம். 1945-ன் ஐநா சாசனம் ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தற்காப்புக்காகப் போரிடலாம், பாதுகாப்பு சபை அனுமதித்தால் போரிடலாம். மக்களைக் காப்பாற்றப் போகிறேன் என்ற காரணத்துக்கு அதில் இடமில்லை. 2005-ல் உலகத் தலைவர்கள் கூடி, இனப்படுகொலையிலிருந்து மக்களைக் காக்கும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் படை அனுப்பும் முடிவைப் பாதுகாப்பு சபையிடமே விட்டார்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. லிபியாவுக்கு அனுமதி இருந்தது. பொதுமக்களைக் காக்கக் கொடுத்த அனுமதியை ஆட்சியைக் கவிழ்க்கும்வரை இழுத்ததுதான் தவறு. ருவாண்டாவில் ஐநா படை ஏற்கெனவே இருந்தது. இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் படையைச் சில நூறு பேராகக் குறைக்கப் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. அதை எப்படி மன்னிப்பது?

உங்கள் கேள்வி உண்மையிலேயே கடினமாவது கம்போடியாவில்தான். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் தலைநகர் நோம் பென்னைப் பிடித்து, மருத்துவமனை நோயாளிகள் உட்பட எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேற்றியது. நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். பட்டினியிலும் நோயிலும் அடிமை வேலையிலும் பாதி, கொலைக்களங்களில் மீதி என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். அவர்கள் நோம் பென்னில் நடத்திய துவோல் ஸ்லெங் சிறைக்கு நான் போயிருக்கிறேன். அது ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைகளுக்குள்ளே செங்கல் வைத்துக் கட்டிய, ஆள் காலை நீட்ட முடியாத அறைகள். மாடி வராந்தாவில் முள்கம்பி வலை, கைதிகள் குதித்துச் சாகக் கூடாது என்பதற்காக. சாவதற்குக்கூட அங்கே அனுமதி வேண்டியிருந்தது.

இதை நிறுத்தியது யார்? வியட்நாம். 1978 டிசம்பர் 25 அன்று பெரும்படையோடு நுழைந்து, 1979 ஜனவரி 7 அன்று நோம் பென்னைப் பிடித்தது. கம்போடியர்கள்மேல் இரக்கப்பட்டு வந்ததாக அது சொல்லவில்லை. எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களில் கெமர் ரூஜ் செய்த படுகொலைகளைக் காட்டித் தற்காப்பு என்றது. போல் பாட்டைக் கவிழ்த்தது கம்போடிய மக்களே என்றது. பாதுகாப்பு சபையில் பிரான்ஸ் பேசியது: ஓர் ஆட்சி வெறுக்கத்தக்கது என்பதற்காக அந்நியர் தலையிட்டுக் கவிழ்க்கலாம் என்ற எண்ணம் மிக ஆபத்தானது. எனக்கு இந்த வாதம் புரிகிறது, பாதி உடன்படுகிறேன். அப்படியொரு உரிமையை எழுதிவைத்தால் பலசாலிகளே அதை எடுத்து வீசுவார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1979 செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் கம்போடியாவின் நாற்காலி யாருக்கு என்று வாக்கெடுத்தார்கள். 71 நாடுகள் போல் பாட் தரப்புக்கே கொடுத்தன. 35 எதிர்த்தன, 34 ஒதுங்கின. ஆட்சியை இழந்து காட்டுக்குள் ஓடிய கொலைகாரர்கள், தங்களால் செத்தவர்களின் பெயரில் உலக சபையில் உட்கார்ந்தார்கள். வியட்நாம் வெளியேற வேண்டும் என்று சொல்ல இது தேவையே இல்லை. அதே மாதம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் கம்போடியாவின் இருக்கையைக் காலியாக விட்டன. வழி இருந்தது, க. படையெடுப்பையும் ஏற்காமல், கொலைகாரனையும் ஏற்காமல் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடிந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. படை உள்ளே போனது சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி. அந்த மக்களுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சட்டத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே கொலைகாரனைக் காப்போம்.

சரி, நான் எங்கே நிற்கிறேன்? தடை இருக்கட்டும் என்கிறேன். படுகொலையை நிறுத்தவென்று அதை மீறுகிறவர் மீறினேன் என்று ஒப்புக்கொண்டு உலகத்தின் முன் நிற்கட்டும். உலகம் அவரிடம் கேட்க வேண்டியது, கொலை நின்றதா, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதைத்தான். 1971 டிசம்பர் போரில் வங்கதேசத்துக்குள் போன இந்தியப் படை மூன்றே மாதத்தில், 1972 மார்ச்சில் திரும்பியது. வியட்நாம் திரும்ப 1989 செப்டம்பர் ஆனது. ஜனவரி 7 இன்று கம்போடியாவில் அரசு விடுமுறை. இனப்படுகொலையிலிருந்து விடுபட்ட நாள் என்று அரசு கொண்டாடுகிறது, பத்து வருட ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள் என்று சிலர் கசந்துகொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லும் கம்போடியர்களும் உண்டு. அவர்களைத் திருத்த நான் யார்?