அடாப்டர் சொல்லும் நீளத்தை நம்பலாமா?

கேள்வி: என் யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரில் சாதாரணமாக இணையம் ஒழுங்காக ஓடுகிறது. பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும் லாக்கில் ‘பாக்கெட் நீளம் தவறு’ என்று வரிசையாகச் செய்தி விழுகிறது. சில சமயம் லினக்ஸே உறைந்துபோகிறது. டிரைவர் கோட் கையில் இருக்கிறது, சி மொழி ஓரளவு தெரியும். அந்தச் செய்தியை எழுதும் நீளச் சோதனையை டிரைவரிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். இப்போது அந்தச் சோதனை கெட்ட பாக்கெட்டை (இணையத் தரவின் ஒரு துண்டை) வீசிவிட்டு ஒரு வரி எழுதுகிறது. அதை நீக்கினால், தரவு வந்து சேர்ந்த பஃபருக்கு (தற்காலிக நினைவிடத்துக்கு) அப்பால் கிடக்கும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) நினைவகத்தையும் பாக்கெட் என்று எண்ணி டிரைவர் மேலே அனுப்பிவிடும். செய்தி நின்றுவிடும், கெர்னல் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் விழும். இப்போதே உறைகிறது என்றால், இன்னொரு சோதனை எங்கோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பெரிய கோப்பில் மட்டும் ஏன்? போக்குவரத்து குறைவாக இருந்தால் ஒரு யூஎஸ்பி பரிமாற்றத்தில் பெரும்பாலும் ஒரே பாக்கெட்தான் வரும். நெரிசல் கூடினால் சிப் பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும், இடையில் நிரப்பு பைட்டுகளும் வைக்கும். கட்டைப் பிரிக்கும் கோட் அப்போதுதான் உண்மையில் வேலை செய்கிறது. அங்கே நிரப்புக் கணக்கு இரண்டு பைட் பிசகினாலே போதும்: அடுத்த ஹெடர் (பாக்கெட்டின் நீளத்தைச் சொல்லும் குறிப்பு) என்று படிப்பது ஹெடராக இருக்காது. அதிலிருந்து எடுத்த ‘நீளம்’ வெறும் குப்பை.

நிரலைத் தொடுமுன் இரண்டு வேலை. முதலில் உங்கள் டிரைவர் கோப்பைப் புதிய கெர்னலில் உள்ள அதே கோப்போடு ஒப்பிடுங்கள். பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பல யூஎஸ்பி அடாப்டர்களில் இருக்கும் ஏஎக்ஸ்88179 சிப்பின் டிரைவரில் இந்த வகை ஓட்டைகள் 2022-இல் அடைபட்டன, சிவிஇ-2022-2964 என்ற பாதுகாப்புப் பிழைப் பதிவெண்ணும் கிடைத்தது. அதே வகைப் பிழை எஸ்எம்எஸ்சி75எக்ஸ்எக்ஸ், 95எக்ஸ்எக்ஸ் டிரைவர்களில் 2023-இல்தான் திருத்தப்பட்டது. ஒரு வீட்டில் திருடன் புகுந்த பிறகும் தெருவில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை, அவரவர் வீட்டில் புகும்வரை காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, யூஎஸ்பி பரிமாற்றங்களைப் பதிவுசெய்யும் யூஎஸ்பிமான் மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் நிரல் துண்டை) ஏற்றி, வயர்ஷார்க் என்ற தரவுப் பதிவு மென்பொருளில் ஒரு பரிமாற்றத்தை முழுதாகப் பிடியுங்கள். யூஎஸ்பிமானின் எழுத்து வடிவ வெளியீடு முதல் 32 பைட்டுகளை மட்டுமே காட்டும், அது உதவாது. ஏஎக்ஸ்88179-இல் பார்க்க வேண்டிய இடமே கடைசி நான்கு பைட்டுகள்தான்: கீழ் இரண்டில் பாக்கெட் எண்ணிக்கை, மேல் இரண்டில் ஹெடர் பட்டியல் தொடங்கும் இடம். பட்டியலில் ஒவ்வொரு ஹெடரும் நான்கு பைட், பாக்கெட்டுகள் எட்டு பைட் எல்லைக்கு நிரப்பப்பட்டிருக்கும். கையால் கூட்டிப் பாருங்கள். கணக்கு பொருந்தினால் பிழை டிரைவரில், பொருந்தாவிட்டால் சந்தேகம் அடாப்டர் மேல்.

இனித் திருத்தம். பிடிக்க வேண்டிய நூல் ஒன்றுதான்: அடாப்டர் தரும் எந்த எண்ணையும், உண்மையில் வந்த பைட்டுகளோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள். நான்கு பைட் ஹெடரைப் படிக்குமுன் நான்கு பைட்டாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றே வந்திருக்க, குறியற்ற (எதிர்மறை மதிப்பே இல்லாத) 32 பிட் எண்ணில் நான்கைக் கழித்தால் மீதி 429 கோடியைத் தொடும். ஒப்பிடும்போது தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டாதீர்கள். தொடக்க இடம் 4294967290, நீளம் 100 என்று அடாப்டர் சொன்னால், 32 பிட்டில் கூட்டுத்தொகை 94. சோதனை ‘சரி’ என்று விட்டுவிடும். தொடக்க இடம் மொத்தத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மீதியோடு நீளத்தை ஒப்பிடுங்கள். ஈத்தர்நெட் ஹெடரே 14 பைட், அதற்குக் குறைந்ததை வீசிவிடுங்கள். ஹெடர் பட்டியலும் பாக்கெட் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. என்சிஎம் (யூஎஸ்பி நெட்வொர்க் சாதனங்களுக்கான ஒரு பொதுத் தரநிலை) வகையில் ஒரு பட்டியல் அடுத்ததைச் சுட்டும், அது தன்னையே சுட்டினால் லூப் முடியாது. கெர்னல் டிரைவர் அதனால்தான் 50 சுற்றோடு நிறுத்துகிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு, இதைத் தவறவிட்டால் நல்ல பாக்கெட்டுகளைக் கொல்வீர்கள். ஏஎக்ஸ்88772 குடும்பத்தில் ஒரு பாக்கெட் ஒரு பரிமாற்றத்தில் தொடங்கி அடுத்ததில் முடியலாம். ஆகவே அங்கே ‘நீளம் மீதியைவிட அதிகம்’ என்பது பிழையே அல்ல. நான்கு பைட் ஹெடர்கூட இரண்டிரண்டாக வெட்டுப்பட்டு வரும். எத்தனை பைட் பாக்கி என்று டிரைவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் ஹெடரே: கீழ் 11 பிட்டில் நீளம், மேல் பாதியில் அதே 11 பிட், 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வரிசை தப்பிவிட்டது, பாக்கிக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். நினைவகம் கிடைக்காமல் பாக்கெட்டைக் கைவிட்டாலும் பாக்கிக் கணக்கு ஓடியாக வேண்டும், அந்தப் பைட்டுகளைத் தாண்டித்தான் அடுத்த ஹெடர் இருக்கிறது. இன்டர்ஃபேஸை (அடாப்டரின் நெட்வொர்க் இணைப்பை) நிறுத்தும்போதும் கணக்கை அழியுங்கள்.

‘திருத்திய மாட்யூல்’ என்று விற்பவர்களையும் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களையும் அண்டவிடாதீர்கள். கெர்னல் மாட்யூல் என்பது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல். மூலக்கோட் தராமல் கொடுக்கும் மாட்யூலில் என்ன இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. நீங்கள் கேட்ட அதே சோதனையை அழித்துவிட்டு, செய்தி நின்றதைக் காட்டிக் காசு வாங்குவது மிக எளிது. தயாரிப்பாளர் தளத்தின் ஜிப் கோப்பும் வேதவாக்கு அல்ல. கெர்னலுக்கு வெளியே கிடக்கும் அந்த நிரலுக்குக் கெர்னலில் நடந்த திருத்தங்கள் தானாகப் போய்ச் சேராது. சிப் விவரக்குறிப்பைப் பூட்டி வைத்துவிட்டு விளக்கமில்லாத நிரலைக் கையில் திணிக்கும் வழக்கத்தால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

திருத்திய பின் கேஏசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கெர்னல் வசதி) சேர்த்துக் கெர்னலைக் கட்டி ஓட்டுங்கள், எல்லை தாண்டினால் எந்த இடம் என்றே சொல்லும். டம்மி-எச்சிடி, ரா-கேட்ஜெட் என்ற கெர்னல் மாட்யூல்களைக் கொண்டு, மென்பொருளிலேயே போலி அடாப்டர் உருவாக்கி, வெற்றுப் பரிமாற்றம், மூன்று பைட், நீளம் 13, மீதியைவிட ஒன்று கூடிய நீளம், அதிகபட்ச எண் ஆகியவற்றை அனுப்பிப் பாருங்கள். பிறகு உண்மையான அடாப்டரில் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே இன்டர்ஃபேஸை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். 88772-இல் பாக்கிக் கணக்கை அழிக்க மறந்திருந்தால், மறுதொடக்கத்தின் முதல் பரிமாற்றத்திலேயே தெரிய வாய்ப்பு உண்டு.