லைட்டிங் புக் புரியலன்னா இன்னொரு புக் வாங்காதீங்க

கேள்வி: அண்ணே, திருமங்கலத்துல ஆல்பம் டிசைன் பண்ற கடையில வேலை பாக்குறேன். கேனான் 1500டி கேமராவும் 50 எம்எம் லென்ஸும் இருக்கு. போர்ட்ரெய்ட் லைட்டிங் கத்துக்கலாம்னு 2,400 ரூபாய்க்கு ஒரு இங்கிலீஷ் புக் வாங்கினேன், பாதி புரியல. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூணு லைட், நாலு லைட் கேக்குது. ஒருத்தர் 18 புக்கோட பிடிஎஃப், லைட் கிட், ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப், சர்டிஃபிகேட் எல்லாம் சேத்து 28,000ங்கிறார். அம்மா நகையை வெச்சுக் கட்டலாமான்னு யோசிக்கிறேன். புக்கை வெச்சே கத்துக்க முடியாதா?

பதில்:

தம்பி, முதல்ல அந்த நகையை பீரோவுக்குள்ள வைங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

புக்கை வெச்சு கத்துக்க முடியும். நானே அப்படிக் கத்துக்கிட்டவன்தான், 22 வருஷமா முகம் மட்டும்தான் எடுத்துட்டு இருக்கேன். ஆனா அதைப் படிக்க ஒரு முறை இருக்கு. கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்துல ஆரம்பிச்சா ஒன்னும் ஏறாது. இங்கிலீஷ் புரியலன்னு கவலைப்படாதீங்க, லைட்டிங் புக்குல பாதி விஷயம் படத்துக்குள்ளதான் இருக்கு. ஒவ்வொரு போட்டோவுக்கும் பக்கத்துல லைட் எங்க வெச்சாங்கன்னு ஒரு வரைபடம் போட்டிருப்பான்ல, அதை உள்ளங்கையால மூடிருங்க. போட்டோவுல இருக்கிறவரோட கண்ணைப் பாருங்க. கருவிழியில ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும், அதுதான் லைட்டு. கருவிழியை கடிகாரமா நினைச்சுக்கோங்க, பொட்டு 10 மணி இருக்கிற இடத்துல இருந்தா லைட் நமக்கு இடது பக்கம், முகத்துக்கு மேல இருக்கு. பொட்டு வட்டமா இருந்தா பெரும்பாலும் லைட்டுக்கு மாட்டுற குடை, சதுரமா இருந்தா சாஃப்ட்பாக்ஸ், அதாவது லைட்டை மூடுற துணிப்பெட்டி, நடுவுல கம்பி தெரிஞ்சா ஜன்னல். அடுத்து மூக்கோட நிழல். கீழ இறங்கி உதட்டைத் தொடுதுன்னா லைட் உசரத்துல இருக்கு, பக்கவாட்டுல போகுதுன்னா சைடுல இருக்கு. நிழலோட விளிம்பு கத்தி மாதிரி வெட்டினாப்ல இருந்தா லைட் சின்னது, இல்ல ரொம்ப தூரத்துல இருக்கு. இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் கையை எடுத்துப் பாருங்க. பத்து படத்துல ஏழு சரியா வர ஆரம்பிச்சிருச்சுன்னா நீங்க பாதி தேறிட்டீங்க.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அது அந்த 28,000 கேக்குறவர்கிட்ட கூட இருக்காது. தினமும் நூத்துக்கணக்கான முகம் உங்க கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது. வேலைக்கு நடுவுல ஒரு முகத்தை 400 பர்சென்ட் பெருசு பண்ணி கண்ணைப் பாருங்க, அந்த கல்யாண வீட்டுல லைட்பாய் எங்க நின்னான்னு சொல்லிருவீங்க.

இப்ப மூணு லைட் விஷயம். அதுல முகத்துக்கு உருவம் தர்றது ஒன்னுதான். ரெண்டாவது நிழலை லேசா நிரப்புறதுக்கு, அந்த வேலையை ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டை செய்யும். மூணாவது தலைமுடியைப் பின்னாடி இருந்து பிரிச்சுக் காட்டுறதுக்கு, அதை இப்போதைக்கு மறந்துருங்க. முதல் லைட்டுக்கு உங்க வீட்டு ஜன்னல் போதும். அம்மாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல, மூணு அடி தள்ளி உக்கார வைங்க, நீங்க அந்த ஜன்னல் சுவரை ஒட்டி நில்லுங்க, உங்க கேமராவுல சென்சார் சின்னது, அதனால 50 எம்எம் 80 எம்எம் மாதிரி வேலை செய்யும், முகத்துக்கு நல்ல அளவு. அவங்களை மெதுவா திரும்பச் சொல்லுங்க, ஒரு கட்டத்துல இருட்டா இருக்கிற கன்னத்துல கண்ணுக்குக் கீழ சின்னதா ஒரு முக்கோண வெளிச்சம் விழும். புக்குல ரெம்ப்ராண்ட் லைட்டிங்னு ஒரு அத்தியாயமே போட்டிருப்பான்ல, அது இதுதான். வெயில் நேரா அடிச்சா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. இது ஏழை வீட்டுச் சமாளிப்பு இல்ல. சத்யஜித் ரேயோட ‘அபராஜிதோ’ 1956ல வந்துச்சு, அதுல காசி வீட்டு முற்றத்தை கல்கத்தா ஸ்டூடியோவுல செட் போட்டாங்க, கேமராமேன் சுப்ரதா மித்ரா மேல வெள்ளைத் துணியைக் கட்டி, அதுல லைட்டை அடிச்சுத் திருப்பித்தான் அந்த முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார்.

புக்குல போட்டோவுக்குக் கீழ எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100னு எழுதியிருக்கும், லென்ஸ் எவ்ளோ திறந்திருக்கு, ஷட்டர் எத்தனை செகண்ட், கேமரா வெளிச்சத்தை எவ்ளோ உணருதுங்கிற மூணு கணக்கு அது. அதைக் காப்பி அடிக்காதீங்க, உங்க லைட் வேற அவன் லைட் வேற. காப்பி அடிக்க வேண்டியது லைட்டுக்கும் முகத்துக்கும் எத்தனை அடிங்கிறதை, அதைத்தான் பாதி புக்குல எழுதவே மாட்டாங்க, லென்ஸ் பேரை மட்டும் கொட்டை எழுத்துல போடுவாங்க, எனக்கு இதுல இன்னும் கோவம் தீரல. ஃபிளாஷ் மாதிரி சின்ன லைட்டை 3 அடியில இருந்து 6 அடிக்குத் தள்ளினா வெளிச்சம் பாதி ஆகும்னு நினைப்போம், கால்வாசிதான் ஆகும். முகம் லைட்டுல இருந்து 2 அடி, சுவர் 8 அடின்னா சுவருக்குப் போறது பதினாறுல ஒரு பங்கு, வெள்ளைச் சுவரே கறுப்பாத் தெரியும். கறுப்புத் திரை வாங்குற காசு மிச்சம்.

இனி அந்த 28,000 ஆசாமி. இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறைய பாத்துட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். அந்த 18 பிடிஎஃப்பும் திருட்டுக் காப்பியாத்தான் இருக்கும், எழுதினவனுக்கு ஒரு பைசா போகாது, உங்களுக்கும் ஒன்னைக்கூட முழுசாப் படிக்க முடியாது. கிட்டுங்கிறது பெரும்பாலும் பல்பு மாட்டுற துணிப்பெட்டி ரெண்டு. அந்த பல்பு வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓவை ஏத்தி, ஷட்டரையும் மெதுவாக்கி எடுக்கிற நிலைமை வரலாம், குழந்தை தலையை ஆட்டினா படம் கலங்கிரும், தோல்ல பச்சை வேற ஏறும். அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கிற வாட்ஸ் கணக்கை நம்பாதீங்க, கடையில போட்டு, உங்க கேமராவுலயே ஒரு படம் எடுத்துப் பாக்காம எந்த லைட்டையும் வாங்காதீங்க. ஒர்க்‌ஷாப்னா என்னன்னும் சொல்றேன். நான் ஒரு தடவை பேச்சாளராப் போனேன், முப்பது பேரு, ஒரே ஒரு மாடல் பொண்ணு, நடத்துறவரே லைட்டை வெச்சு டேப் ஒட்டிட்டார், செட்டிங் என்னன்னு போர்டுல எழுதிட்டார், எல்லாரும் வரிசையில நின்னு ஆளுக்கு பத்து கிளிக். முப்பது பேரும் ஒரே போட்டோவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. லைட்டைத் தொட்டவன் ஒருத்தன் கிடையாது! அதுக்கப்புறம் நான் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போறதில்ல. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க, லைட்டை நான் நகத்தலாமான்னு. மழுப்பினா கிளம்பி வந்துருங்க. சர்டிஃபிகேட்டை எந்தப் பொண்ணு வீட்டுக்காரரும் கேக்கப் போறதில்ல.

இவங்க பொழைக்கிறதுக்குக் காரணம் நம்ம ஏற்பாடுதான். வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு நம்ம எல்லார்கிட்டயும் வாங்குறாங்க, நூலகச் சட்டம் 1948லயே வந்தாச்சு. ஆனா நான் ஏறி இறங்கின கிளை நூலகத்துல எல்லாம் தமிழ்ல ஒரு லைட்டிங் புக் கேட்டா, கேமரா ரிப்பேர் புக்கை எடுத்து நீட்டுறாங்க. என்கிட்ட உதவிக்கு வர்ற, காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பசங்க மூணு லைட் முறையை அஞ்சு மார்க்குக்கு எழுதியிருப்பான், ஸ்டாண்டை விரிக்கத் தெரியாது. மதுரையில கலைஞர் நூலகம் உங்களுக்குப் பக்கம்தான், அடுத்து ஏதாவது புக் வாங்குறதா இருந்தா அங்க போய் கேட்டுப் பாருங்க, இருந்தா நாலு பக்கம் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

அந்த செட்டிங் நம்பரை விட்டா, புக்குல இருக்கிறதை அப்படியே செய்ங்க, இன்னும் ஒரு இடத்தைத் தவிர. அது தோல் நிறம். அந்த புக்குல இருக்கிற மாடல்ல முக்காவாசிப் பேரு வெள்ளைத் தோல்காரங்களா இருப்பாங்க. வெளுத்த தோல்ல முகத்தோட உருவத்தை நிழல் காட்டும், நம்ம மாதிரி கறுத்த தோல்ல உருவத்தைக் காட்டுறது மினுமினுப்பு. அதனால புக்குல சொல்ற மாதிரி பவுடர் போட்டு மினுக்கை அழிச்சீங்கன்னா முகம் சாம்பல் பூசின மாதிரி தட்டையாயிரும். மினுக்கை அழிக்க வேண்டாம், அகலமாக்குங்க. சின்ன லைட்டுன்னா நெத்தியில ஒரு வெள்ளைத் திட்டு எரியும், அதே லைட்டை பெரிய குடையில அடிச்சு கிட்ட கொண்டுவந்தா கன்னம், தாடை, மூக்குத்தண்டுன்னு மினுக்கு பரவி செதுக்கின மாதிரி வரும். கொலுப் பொம்மை ஒன்னை பரண்ல இருந்து இறக்கி அதுல பழகுங்க, அந்த வார்னிஷ் பூச்சு வேர்த்த முகம் மாதிரியே மினுக்கும், அலுத்துக்காம உக்காந்திருக்கும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தா கேமரா தானா எடுக்கிற முடிவை விட்ருங்க, சட்டை மடிப்பு அழியாத அளவுக்கு நீங்களே வெளிச்சத்தை வெச்சிட்டு, தெர்மாகோலை முகத்துக்குக் கிட்ட கொண்டுவாங்க. அப்புறம் ஃபோட்டோஷாப்ல முகத்தை வெளுக்காதீங்க தம்பி. உங்க கடையில தினமும் அதைத்தான் பண்ணச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், உங்க சொந்தப் படத்துலயாவது அம்மா அம்மாவாவே இருக்கட்டும்.

ரெண்டு மாசம் ஜன்னல் மட்டும். அப்புறம் வெளிச்சத்தை நாமளே கூட்டிக் குறைக்கிற ஒரு மேனுவல் ஃபிளாஷ், அதை கேமராவுல இருந்து தள்ளி வெச்சு அடிக்க ட்ரிகர், ஸ்டாண்ட், வெள்ளைக் குடை, இவ்ளோதான், பழசா கிடைச்சாலும் பரவாயில்ல. ஃபிளாஷ் போடும்போது ஷட்டரை 1/200க்கு மேல ஏத்தாதீங்க, படத்துல கறுப்புப் பட்டை விழும், ஃபிளாஷ் கெட்டுப்போச்சுன்னு கடைக்கு ஓடிராதீங்க.