அமெரிக்கச் சிறு ஊர் இரங்கல் செய்திகளில் ‘பிளம்பர், முன்னாள் ராணுவத்தினர், சர்ச் தொண்டர்’ என்றே வருகிறதே, இது வெறும் சம்பிரதாயமா?

சம்பிரதாயம் கொஞ்சம் உண்டுதான். அங்குள்ள ஊர்ப் பத்திரிகைகள் பலவும் இரங்கல் செய்திக்கு, அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு என்று காசு வாங்குகின்றன. குடும்பத்தார் வரியைக் குறைக்கத்தானே பார்ப்பார்கள்? எண்பது வருஷ வாழ்க்கை தொழில், பட்டாளம், சர்ச் என்று மூன்று சொல்லுக்குள் போய்விடும். ஆனால் அந்த மூன்றும் தனித்தனி சங்கதிகள் இல்லை. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. ஒஹாயோவில் நாங்கள் இருந்த சின்ன ஊரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தார். பிளம்பர். அவரை வைத்தே சொல்கிறேன்.

வியட்நாம் போர்க் காலம். கட்டாய ராணுவ அழைப்பு வந்து காலாட்படைக்குப் போவதற்கு முன்னால் நாமே கடற்படையில் சேர்ந்துவிடலாம் என்று பல பையன்கள் முந்திக்கொண்டார்கள். இவரும் அப்படித்தான். கடற்படையில் ‘சீபீஸ்’ என்று கட்டுமானப் படை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1942-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் கொத்தனார், தச்சர், குழாய் வேலைக்காரர் என்று தொழில் தெரிந்தவர்களாகத் தேடித் தேடி எடுத்தார்கள். 1965 மே மாதம் வியட்நாமின் சூ லாய் கடற்கரையில் மணல்மேல் அலுமினியத் தகடுகளைப் பரப்பி ஒரு விமானத் தளம் போட்டதும் இவர்கள்தான். ஜூன் முதல் தேதி அதில் விமானம் இறங்கிவிட்டது. நம் பெரியவர் அங்கே போனது அதற்குப் பிறகு, தண்ணீர்க் குழாய் வேலைக்கு. போரைப் பற்றிக் கேட்டால் மணலைப் பற்றித்தான் பேசுவார். பம்புக்குள் மணல், வால்வுக்குள் மணல், சோற்றிலும் மணல். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

திரும்பி வந்ததும் தொழிலுக்கு வழி செய்தது அரசாங்கம். முன்னாள் படையினருக்கான ஜி.ஐ. பில் திட்டம் 1944-இல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்தது. 1966-இல் அது புதுப்பிக்கப்பட்டு, அப்புறம் வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர்களுக்கும் மாதாமாதம் பணம் கிடைத்தது. கல்லூரிக்குப் போனவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். குழாய் மாட்டக் கற்றவனுக்கும் அதே சட்டம்தான் சோறு போட்டது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிளம்பர் பயிற்சி நாலைந்து வருஷம் ஓடும். அப்புறம் பரீட்சை, லைசென்ஸ். அவர் கற்ற காலத்தில் இரும்புக் கழிவுக் குழாயின் இணைப்பில் தார் தோய்ந்த சணல் நாரைத் திணித்து, மேலே உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். இணைப்பில் துளி ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். இன்றைய பிளாஸ்டிக் குழாய்க்குப் பசை தடவும் பையன்களை அவர் ஏளனமாகப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சர்ச் கதைக்கு வருகிறேன். அது ஒரு மெதடிஸ்ட் சர்ச். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள அங்கே ‘டிரஸ்டி’ குழு என்று தனியாக உண்டு. இவர் அதில் நிரந்தர உறுப்பினர் மாதிரி. பாட்டுக் குழுவில் இல்லை, பிரசங்கத்தின்போது பாதி நேரம் உள்ளேயே இருக்கமாட்டார். பேஸ்மென்ட்டில் பாய்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். குளிர்காலம் தொடங்கும்போது ஜன்னலடியில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒவ்வொன்றாகப் போய், சின்னச் சாவியால் திருகி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார். ‘உஸ்’ என்று சத்தம் வரும், கடைசியில் தண்ணீர் துப்பும், கையில் இருக்கும் தகரக் குவளையில் பிடித்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்வார். வருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் ஒரு சர்ச்சுக்கு, கூலி கேட்காத பிளம்பர் என்பது சின்ன விஷயம் இல்லை.

வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் போட்டதும் அவர் தலைமையில்தான். மாற்றுத்திறனாளிகளுக்காக 1990-இல் வந்த சட்டம் கடைகளையும் ஓட்டல்களையும் கட்டாயப்படுத்துகிறது, வழிபாட்டு இடங்களுக்கு விலக்கு. ஆனாலும் அந்தச் சட்டத்தின் அளவையே பிடித்தார்: ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். வாசல் தரையிலிருந்து முப்பது அங்குல உயரத்தில் இருந்தது, ஆக முப்பது அடி நீளம். “கொஞ்சம் செங்குத்தாகப் போட்டால் மரம் மிச்சம்” என்று ஒருவர் சொன்னதற்கு, “சரி, முதலில் உங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நீங்களே தள்ளுங்கள்” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவர் இறந்தபோது ராணுவச் சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். குடும்பம் கேட்டால் குறைந்தது இரண்டு பேராவது வரவேண்டும் என்பது 2000-லிருந்து விதி. அதில் ஒருவர் இறந்தவர் வேலை பார்த்த படையை, அதாவது இவருக்குக் கடற்படையை, சேர்ந்தவராக இருக்கவேண்டும். கொடியை முக்கோணமாக மடித்து மனைவி கையில் கொடுத்தார்கள். படையினர் அடக்கத்தில் கொம்பில் வாசிக்கும் ‘டாப்ஸ்’ இசையை ஒருவர் ஊதினார். ஊதினார் என்று நாங்கள் நினைத்தோம், அவ்வளவுதான். ஊதுகிற ஆள் போதாததால் கொம்புக்குள் ஒலிப்பதிவுக் கருவி வைத்து வாயில் பிடித்துக்கொள்வதும் அங்கே வழக்கம் என்று அப்புறம் தெரிந்தது. பெரியவருக்குத் தெரிந்திருந்தால் கொம்பை வாங்கிக் கழற்றிப் பார்த்திருப்பார்.

பத்திரிகையில் அவரைப் பற்றி வந்தது ஏழெட்டு வரி இருக்கும். பாய்லர் அதில் இல்லை, சாய்தளம் இல்லை. அதையெல்லாம் அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் போட்ட சாப்பாட்டில்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். உங்களுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் பூ வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், சாப்பாட்டுக்கு இருந்துவிட்டு வாருங்கள்.