கேம்பர் வானில் மலையகம்: வாசகர் கேள்வி – பதில்

வானுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி பொருத்திக்கொண்டு இலங்கை மலையகம் புறப்படுவோர் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வந்து நுவரெலியா, எல்ல, ஹப்புத்தளை பார்க்க எண்ணம். மழைக்குத் தப்ப எந்த வழி நல்லது?
– வாசகர், கோண்டாவில்

மலையகம் முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. நடுவிலுள்ள மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று மழையைப் பங்கு பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைக்குக் கிழக்கே ஊவாவில் (பதுளை, பண்டாரவளைப் பக்கம்) வறண்ட காற்றாக இறங்கும். கினிகத்தேனையில் குடை பிடித்து நிற்கும் அதே நேரத்தில் பண்டாரவளையில் வெயிலுக்குக் கண் கூசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இது தலைகீழாகும். பதுளை, லுணுகலைப் பக்கம் நனையும், மஸ்கெலியாப் பக்கம் வெளிக்கும்.

ஆகவே ஆகஸ்டில் ஊவாவை முதலில் முடியுங்கள். தம்புள்ளை, மாத்தளை, கண்டி வந்து, அங்கிருந்து மஹியங்கனை வழியாகப் பதுளைக்குப் போகலாம். பிறகு எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை. கடைசியாக வெலிமடை, ஹக்கலை வழியே நுவரெலியாவுக்கு ஏறுங்கள். ஹப்புத்தளையில் மழை இல்லாவிட்டாலும் காற்றை மறக்க வேண்டாம். ஊர் மலைமுகட்டில் இருக்கிறது, தெற்கே நேர் பள்ளம். உயரக் கூரை வானுக்கு, மண்திட்டு மறைப்பை விட்டு வெளியே வரும் வளைவுகளில்தான் பக்கக்காற்று அறையும். பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலை அங்கே திறக்கவே திறக்காதீர்கள்.

மலைக்குள் ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் திட்டமிட வேண்டாம். மணிக்கு 25 கிலோமீற்றர் போனாலே நல்ல ஓட்டம். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் வருவோர் காலை ஆறுக்குப் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டுக்குள் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. இடிமழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது ரம்பொடை தாண்டியதும் கருகிய வாசனை வந்தது. பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பிரேக் ஒயில் மாற்றினால் சரியாகிவிடுமா?
– வாசகர், மாத்தளை

பாதிதான் சரியாகும். மீதிப் பாதி உங்கள் கியரில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கம்பளை வரை வீழ்ச்சி ஏறத்தாழ 1,400 மீற்றர். கட்டில், தாங்கி, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 2,500 கிலோ உள்ள வான் அவ்வளவு இறங்கினால் வெளிப்படும் சக்தி ஒன்பதரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். என்ஜின் தாங்காததை எல்லாம் நான்கு சக்கர பிரேக்கும் தாங்குகின்றன.

நீங்கள் கண்டவை இரண்டு வேறு கோளாறுகள். கருகிய வாசனை பிரேக்கில் உரசி நிறுத்தும் பாட், லைனர் சூடேறியதால் வருவது. அந்தக் கோளாறு முற்றினால் பெடல் கல் போல இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் பஞ்சாவது பிரேக் ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்ததால். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 (DOT 3) தர ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் எயார் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் தாங்கியில் குறைந்ததை மட்டும் நிரப்புவது மாற்றியதாகாது.

இனி இறங்கும் முறை. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் ஓவர்டிரைவை நிறுத்தி, செங்குத்தான இடத்தில் 2 அல்லது எல் நிலைக்கு மாற்ற வேண்டும். கியரை வளைவுக்குள் அல்ல, வளைவுக்கு முன்பே குறையுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மெதுவாக மிதித்தபடியே வருவதுதான் கொல்லும். நன்றாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது மிச்சம் பிடிப்பதே இல்லை. கியரில் இறங்கும்போது, எரிபொருளைப் பீச்சும் ஊசிப் பம்பு உள்ள என்ஜின், வேகம் மிகக் குறையும் வரை எரிபொருளை நிறுத்தியே வைத்திருக்கும்.

வாசனை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை முட்டுக் கொடுங்கள். சூடான பின் டிரம்மில் கைபிரேக் போடாமல் இருப்பது நல்லது, ஆறும்போது இறுகிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிப்பு விடலாம். அரை மணி நேரம் தேநீர் குடியுங்கள், இடமும் அதற்கேற்றதுதான். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கும் 18 வளைவு வீதியில் மஹியங்கனைக்கும் இறங்குவோருக்கும் இதே பதில்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 100 லீற்றர் தாங்கியை நிரப்பிக்கொண்டு மலையேறி இறங்குவது இன்னொரு பெரிய ஆளையும் பொதியையும் ஏற்றுவது போல. 20 லீற்றர் போதும்.

கொழும்பில் டயருக்கு 45 பிஎஸ்ஐ அடித்தோம். குளிரில் காற்று குறையும் என்கிறார்களே, நுவரெலியாவில் மறுபடி அடிக்க வேண்டுமா?
– வாசகி, வத்தளை

வேண்டியதில்லை. 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறங்கினால் டயர் அழுத்தம் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ குறையும் என்பது உண்மை. ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது: கடல் மட்டத்தில் 14.7, நுவரெலியாவில் கிட்டத்தட்ட 11.7. மானி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டுவதால் 3 பிஎஸ்ஐ திரும்பக் கிடைத்துவிடும். பிஸ்கட் பைக்கற் மேலே போனதும் உப்புவதும் இதனால்தான். மேலே காற்றடித்துவிட்டு வெயில் ஊருக்கு இறங்கினால் டயருக்குச் சொன்ன அளவைத் தாண்டும். ரப்பர்ப் பள்ளங்களின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயருடன் மழை மலைக்கு வராதீர்கள்.

நுவரெலியாவில் சோறு நறுக்கென்றே இருக்கிறது. சிறு காஸ் குப்பி அடுப்பும் மங்கலாக எரிகிறது. இரவில் அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்தால் வானுக்குள் சூடு கிடைக்குமா?
– வாசகி, திருகோணமலை

தண்ணீர் அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பும் அரிசியும் பிரஷர் குக்கரில் வைக்கலாம், அல்லது ஊறவைத்துக் கூடுதல் நேரம் கொடுங்கள். குப்பியிலுள்ள பியூட்டேன், பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே போனால் எரியும் அளவுக்கு ஆவியாகாது. எரிய எரியக் குப்பியும் குளிர்ந்துகொண்டே போவதால் 8 பாகைக் காலையில் சுடர் தளர்கிறது. இரவில் குப்பியைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வையுங்கள். வெந்நீரில் அமுக்குவதோ சுடரருகே சூடாக்குவதோ கூடாது.

மூன்றாவது கேள்விக்கு: கூடவே கூடாது. பூட்டிய வானில் அடுப்பு எரிந்தால் காபன் மொனொக்சைட்டு சேரும். மணமோ நிறமோ இல்லை, தூக்கத்திலேயே மயங்கிவிடுவீர்கள். கரிச்சட்டியும் அப்படித்தான். கம்பளிக்குப் பணம் செலவழியுங்கள், ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றும் வாங்கலாம்.

விடியும்போது கண்ணாடியெல்லாம் நீர் வழிகிறது, மெத்தையும் ஈரம்.
– வாசகர், வவுனியா

உங்கள் மூச்சுதான். எதிரெதிர் சன்னல்கள் இரண்டை இரண்டு சென்றிமீற்றர் திறந்து வைத்துப் படுங்கள். நனைந்த உடுப்பை உள்ளே காயப்போட வேண்டாம். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் வைத்துக் காற்றுப் போக இடம் விடுங்கள். ஓடும்போது கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்தால் குளிர்காலம் என்றாலும் ஏசியைப் போடலாம். அது காற்றின் ஈரத்தை எடுக்கும்.

மண்சரிவு எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது? வீதியில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், மட்டக்களப்பு

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டும் மழை மஞ்சளுக்கும், 100 செம்மஞ்சளுக்கும், 150 சிவப்புக்கும் அடிப்படை. நேர்ச்சுவர் கொண்ட பால்மாத் தகரம் ஒன்றை இரவில் வெளியே வைத்தால், காலையில் ஏழரைச் சென்றிமீற்றர் தண்ணீர் நின்றாலே அன்று வண்டியை எடுக்க யோசிக்கலாம். செம்மஞ்சள் என்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அந்த இடம் வெட்டிய மண்திட்டின் அடியிலோ ஓடைக்கரையிலோ இல்லாவிட்டால்.

வீதியில் புதிய நீள வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திட்டிலிருந்து புதிதாக ஊறும் கலங்கல் நீர், மழை பெய்யும்போதே திடீரென்று வற்றிய ஓடை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் திரும்பிவிடுங்கள். ஓடை வற்றினால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவும், 2025 நவம்பர் டித்வா புயலும் நினைவிருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலைய அழைப்பு எண் 117, அம்புலன்ஸ் 1990.

இரவு எங்கே நிறுத்துவது? கழிவறைப் பெட்டியை எங்கே கொட்டுவது?
– வாசகர், கனடா

கேம்பர் வானுக்கென்று தனித் தரிப்பிடங்களை எதிர்பார்த்து வராதீர்கள். தங்குமிடம் ஒன்றின் முற்றத்தில் கட்டணம் பேசி நிறுத்துவதே வழக்கம். தோட்ட வீதி என்றால் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். கொழுந்து லொறி விடியவே வரும், வழியை அடைத்து நின்றால் அத்தனை பேரின் வேலையும் நிற்கும்.

பெட்டியை ஓடையிலோ காட்டிலோ கொட்டவே கூடாது. மேலே கொட்டினால் கீழே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலியில் அதுதான் விழும், அதைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். தங்கும் இடத்தில் கேட்டு அவர்களுடைய கழிவறையில் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஹோர்டன் சமவெளியில் வானுக்குள்ளேயே இரவு தங்கலாமா?
– வாசகர், பதுளை

உங்கள் விருப்பத்துக்கு முடியாது. அது தேசிய பூங்கா, தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒஹியாவிலோ பட்டிப்பொலையிலோ படுத்து, காலை ஆறுக்கு வாயிலில் நில்லுங்கள். பொலித்தீன் பையைக் கொண்டுபோனால் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள்.