மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் கறவை மாடும் பக்கத்து வீட்டு மாடும் ஒரே வாரத்தில் இருமலும் சளியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டன. மருத்துவர் இரண்டுக்கும் ஒரே குப்பியிலிருந்து ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டார். அந்த மாடு மூன்றாம் நாளே தீவனம் எடுத்தது. எங்கள் மாட்டுக்கு ஐந்து நாளாகியும் கேட்கவில்லை. மருந்து போலியா?
- உச்சிப்புளி வாசகர்

பதில்: ஒரே குப்பி மருந்து ஒரு மாட்டைக் குணமாக்கியிருக்கும்போது, குப்பியைவிடக் கிருமியைச் சந்தேகிப்பதே முறை. மாட்டு நுரையீரல் அழற்சியில் மான்ஹீமியா ஹீமோலிட்டிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்னும் நான்கு பாக்டீரியாக்கள் முக்கியமானவை. இவற்றில் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே (பாக்டீரியாவைச் சுற்றியுள்ள கெட்டியான உறை) இல்லாததால், செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதனிடம் எடுபடுவதில்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் கிருமிகள் உள்ளுக்குள் ஒன்றல்ல. மான்ஹீமியாவில் ஏ2 வகை நலமான மாட்டின் மூக்கிலும் சாதுவாகக் குடியிருக்கும். நோயுற்ற மாட்டின் நுரையீரலில் பெரும்பாலும் ஏ1, ஏ6 வகைகளே கிடைக்கின்றன. இதைவிடக் கவலைக்குரியது, மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவதாகும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2005-இல் ஒரு மாட்டிலிருந்து பிரித்தெடுத்த பாஸ்டுரெல்லாவில் அத்தகைய மூட்டை ஒன்றை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏறத்தாழ 82,000 எழுத்து நீளமுள்ள அந்த டி.என்.ஏ. துண்டில் 12 எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. ஆய்வகத்தில் அது மான்ஹீமியாவுக்கும், குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவுக்கும் கூடத் தாவியது. மூட்டை ஒன்றாகவே தாவுவதால், டெட்ராசைக்ளின் வகையை (உங்கள் மாட்டுக்குப் போட்டதும் இந்த வகைதான்) மட்டும் அடிக்கடி பயன்படுத்தினாலும், நாம் ஒருபோதும் போடாத வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூடவே வளர்ந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் மாட்டில் நடந்தது இதுதான் என்று இங்கிருந்தபடி சொல்ல இயலாது. நோய்க்குக் காரணம் வைரஸாக இருந்திருக்கலாம். ஊசி போடும் முன்பே நுரையீரல் பெரிதும் சேதமடைந்திருக்கவும் கூடும். ஊசிக்கு முன்பே மூக்கின் ஆழத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உறையவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் எந்த மருந்து கேட்கும் என்பது தெரிந்திருக்கும். மூக்கில் இருப்பது நுரையீரலில் இருப்பதாகவே ஆகிவிடாது என்பதால், அந்த முடிவையும் மருத்துவர் நோய்க்குறிகளோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஐந்து நாள் கழித்து மருந்தை மாற்றுவது அவர் வேலை. மருந்துக் கடையில் கேட்டு நாமே மாற்றுவது வேண்டாம்.

கேள்வி: தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்தும் இந்த இருமல் வரலாமா?
- தேவிபட்டினம் வாசகர்

பதில்: வரலாம். தொண்டை அடைப்பானை உண்டாக்குவதும் பாஸ்டுரெல்லா மல்டோசிடாதான் என்றாலும், நம் நாட்டில் அதற்குக் காரணம் பி:2 வகை. நுரையீரல் அழற்சியில் அதிகம் காணப்படுவது ஏ வகை. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்காகத் தடுப்பூசியைக் கைவிடாதீர்கள். தொண்டை அடைப்பான் மாட்டை ஒரே நாளில் கொன்றுவிடக்கூடியது.

நம் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழைச் சாரலுக்குப் பயந்து தொழுவத்தைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுகிறோம். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி, கிருமியை வெளியே தள்ளும் மூச்சுக்குழல் மயிரிழைகளைக் கெடுக்கிறது. கூரைக்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டுக் கட்டினால் சாரலும் அடிக்காது, காற்றும் ஓடும்.

கேள்வி: ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா?
- தொண்டி வாசகி

பதில்: கூடாது. காய்ச்சுவதால் மருந்து எச்சம் முழுமையாக அழிவதில்லை. குப்பியின் உறையில் குறித்துள்ள நாள்கள் கழியும்வரை பாலை விற்கவும் வேண்டாம். அதைக் கன்றுக்கு ஊட்டுவதும் சரியன்று, அந்தச் சிறு அளவு மருந்தே கன்றின் குடலில் எதிர்ப்புள்ள கிருமிகளைப் பெருக்கப் போதுமானது.